செல்ஃப் அடிக்குதா, அடிக்கலையா? ஸ்டார்ட் ஆகாத காரை வீட்டு வாசலிலேயே சோதிப்பது எப்படி

விடியற்காலை நாலு மணி. திருச்செந்தூருக்குக் கிளம்ப வேண்டும். பின் சீட்டில் அம்மாவும் மனைவியும், நடுவில் தூக்கக் கலக்கத்தோடு பையன். டிக்கியில் புளியோதரைத் தூக்கு. சாவியைத் திருகினேன். ‘டக்’. அவ்வளவுதான். மறுபடியும் திருகினேன், மறுபடியும் ஒரே ஒரு ‘டக்’. அன்றைக்குப் பஸ்ஸில்தான் போனோம். ஊர் திரும்பியதும் முதல் வேலையாகப் புதுப் பேட்டரி வாங்கி மாட்டினேன். நாலு நாள் ஒழுங்காக எடுத்தது. ஐந்தாம் நாள் காலையில் அதே ‘டக்’.

தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, கார் ஸ்டார்ட் ஆகலைண்ணே.”

“செல்ஃப் அடிக்குதா, அடிக்கலையா?”

“ஸ்டார்ட் ஆகலைண்ணே.”

“அதைத்தான் தம்பி கேக்குறேன். செல்ஃப் அடிச்சும் எடுக்கலையா, இல்ல செல்ஃபே அடிக்கலையா?”

என்னிடம் பதில் இல்லை. நேரில் வந்தார். பானட்டைத் தூக்கி, பேட்டரியின் மைனஸ் பக்கத்திலிருந்து கீழே இறங்கும் கறுப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனார். அது பாடியில் முறுக்கியிருக்கும் இடத்தில் பத்தாம் நம்பர் ஸ்பேனரை வைத்து ஒன்றரைச் சுற்று இறுக்கினார். “இப்ப அடி.” எடுத்துவிட்டது. பழைய பேட்டரியில் எந்தக் கோளாறும் இல்லை. அது அதற்குள் கழிவுக் கணக்கில் கடைக்குப் போயிருந்தது.

அவர் கேட்ட அந்த ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினால், ஸ்டார்ட் ஆகாத காரில் பாதி வேலை முடிந்த மாதிரி. புதிதாகக் கார் வாங்கியவர்கள், பழைய கார் வாங்கிப் பழகுகிறவர்கள், பானட்டுக்குள் எது எது என்று தெரியாதவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எல்லாக் கோளாறையும் நீங்களே சரிசெய்துவிடலாம் என்று சொல்ல வரவில்லை. கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால், தேவையில்லாத சாமான் வாங்கிக் காசை விட மாட்டீர்கள்.

கணக்கு ரொம்ப எளிது

இன்ஜின் ஓட நாலு விஷயம் வேண்டும். முதலில் யாராவது அதைச் சுற்றிவிட வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் செல்ஃப், அதாவது ஸ்டார்ட்டர் மோட்டார். நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் இன்ஜினை அது சுழற்றும். பிறகு எரிபொருள், காற்று, பெட்ரோல் வண்டியாக இருந்தால் தீப்பொறி. அந்தப் பொறியைத் தருவதுதான் பிளக். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை, காற்றை இறுக்கி அமுக்கும் சூட்டிலேயே அது பற்றிக்கொள்ளும்.

செல்ஃப் அடிக்கவில்லை என்றால் கோளாறு கரண்ட் பக்கம்: பேட்டரி, டெர்மினல் (பேட்டரியில் வயர் மாட்டும் முனை), வயர், செல்ஃப் மோட்டார். பெட்ரோல் பம்ப்பையும் பிளக்கையும் அப்போது தொடவே வேண்டாம். செல்ஃப் நன்றாக அடித்தும் எடுக்கவில்லை என்றால் பேட்டரி பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கிறது. மற்ற மூன்றில் எது வரவில்லை என்று பார்க்க வேண்டும்.

செல்ஃபுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1912 மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வரும் வரைக்கும், வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கம்பியால் சுற்றித்தான் பெரும்பாலும் இன்ஜினைக் கிளப்பினார்கள். இன்ஜின் திருப்பி உதைத்துக் கை உடைந்தவர்கள் உண்டு. நம் ஊர் அம்பாசடரிலும் ரொம்பக் காலம் அந்த ஹேண்டில் டிக்கிக்குள் கிடந்தது.

பானட்டைத் தூக்கும் முன்

சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் ஆள் வரவழைத்துக் காசு கொடுத்த பிறகு தெரியவரும் காரணங்களில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் பல மேனுவல் கார்களில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் அடிக்கும். பாதி மிதித்தால், அல்லது மிதியடி மடங்கிக் கிளட்சுக்கு அடியில் போய்விட்டால், ஒரு சத்தமும் வராது. ஆட்டோமேட்டிக் என்றால் லீவர் ‘பி’யில் (பார்க்) இருக்க வேண்டும். ‘பி’யில் எடுக்கவில்லை என்றால் பிரேக்கை மிதித்து ‘என்’னில் (நியூட்ரல்) வைத்து முயன்று பாருங்கள். அப்போது எடுத்தால் கோளாறு லீவர் ஸ்விட்சில் இருக்கிறது.

பட்டன் ஸ்டார்ட் வண்டியில் ‘சாவி இல்லை’ என்று டேஷ்போர்டில் வந்தால், சாவிக்குள் இருக்கும் நாணயம் மாதிரியான பேட்டரி தீர்ந்திருக்கும். பல வண்டிகளில் அந்தச் சாவியையே ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து அமுக்கினால் எடுத்துக்கொள்ளும். சாவி படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னிக்கொண்டிருந்தால் இமொபிலைசர், அதாவது திருட்டுத் தடுப்புக் கருவி, உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். வீட்டில் இருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். அதில் எடுத்தால் முதல் சாவியில்தான் பிரச்சினை.

கடைசியாக, பெட்ரோல் இருக்கிறதா? முள் கால் டேங்க் காட்டுகிறதே என்று நம்ப வேண்டாம், முள்ளும் மாட்டிக்கொள்ளும். பெட்ரோல் குறைவாக இருக்கும்போது சரிவில் நிறுத்திய வண்டி எடுக்காமல் அடம் பிடிக்கும். சமதளத்துக்குத் தள்ளினால் எடுத்துவிடும்.

செல்ஃப் அடிக்கவில்லை என்றால்

ஹெட்லைட்டைப் போட்டுச் சுவரில் வெளிச்சம் விழுகிற மாதிரி வைத்துக்கொண்டு சாவியைத் திருகுங்கள். ஆள் துணைக்கு இருந்தால் லைட்டைப் பார்க்கச் சொல்லலாம்.

லைட்டே எரியவில்லை என்றால் பேட்டரி சுத்தமாக இறங்கிவிட்டது, இல்லை டெர்மினல் கழன்றுவிட்டது. லைட் எரிகிறது, சாவியைத் திருகும்போது மங்கி அணைகிற மாதிரி போகிறது, கூடவே ‘டகடகடக’ என்று வேகமாக ஒரு சத்தம் கேட்கிறது என்றால், பேட்டரி வீக், அல்லது டெர்மினலில் கரண்ட் சரியாகப் பாயவில்லை. லைட் பளிச்சென்று அப்படியே இருக்க, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால், அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால், செல்ஃப் மோட்டார், அதன் சோலினாய்டு (மோட்டாருக்குக் கரண்டை இணைத்துவிடும் பாகம்), ரிலே (கரண்டால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்), கிளட்ச் ஸ்விட்ச், இல்லாவிட்டால் என்னுடையதைப் போல பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் வயர்.

எதுவாக இருந்தாலும் முதலில் கை வைக்க வேண்டிய இடம் டெர்மினல்தான். பிளஸ் டெர்மினலில் வெள்ளையும் பச்சையும் கலந்து, உப்புப் பூத்த சுவர் மாதிரி ஒரு படிவு இருக்கும். வயர் நுனியில் இருக்கும் பிடியை, அதாவது கிளாம்ப்பைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் அது லூஸ். ரேடியோவுக்கும் லைட்டுக்கும் சில ஆம்பியர் போதும், அந்த லூஸ் இணைப்பிலும் அது பாய்ந்துவிடும். செல்ஃபுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால்தான் லைட் எரியும், பாட்டுப் பாடும், செல்ஃப் மட்டும் அடிக்காது. ‘லைட் நல்லா எரியுதே, பேட்டரி எப்படி வீக்காகும்’ என்று கேட்கிறவர்களுக்கும் இதுதான் பதில்.

சுத்தம் செய்யும் முறை இது. சாவியை எடுத்துவிடுங்கள். முதலில் மைனஸைக் கழற்றுங்கள், அப்புறம் பிளஸ். மாட்டும்போது முதலில் பிளஸ், கடைசியில் மைனஸ். பிளஸை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் உரசினால் பொறி பறக்கும். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியும், பக்கத்தில் பீடி, சிகரெட், தீப்பெட்டி கூடவே கூடாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா கரைத்துப் படிவின் மேல் மெல்ல ஊற்றினால், நுரைத்துக்கொண்டு கரையும். பேட்டரியின் மேல் மூடி வழியாக உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து, துணியால் ஈரம் ஒற்றி, உப்புத்தாளால் டெர்மினல் போஸ்ட்டையும் கிளாம்ப்பின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை உரசுங்கள். இறுக்கி மாட்டிய பிறகு மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கிளாம்ப் மாட்டும் முன்பே உள்ளே கிரீஸ் அப்பிவிடக் கூடாது. பலர் அப்படிச் செய்கிறார்கள்.

இப்போதும் அடிக்கவில்லையா? சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையில் ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். கார் வைத்திருப்பவருக்கு இதைவிட லாபமான செலவு எனக்குத் தெரிந்து இல்லை. வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது. அடுத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி அந்த நேரம் பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேலேயே நின்றால் பேட்டரி தாக்குப் பிடிக்கிறது. 12.6 காட்டிய பேட்டரி செல்ஃப் அடித்த உடனே ஏழு, எட்டுக்கு விழுந்தால் பேட்டரிக்குள் இருக்கும் அறைகளில் (செல்) ஏதோ ஒன்று போய்விட்டது. சார்ஜ் போட்டாலும் நிற்காது.

எர்த் வயரைச் சோதிக்கவும் இதே மீட்டர் போதும். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் போஸ்ட்டிலும் இன்னொரு முனையை இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியிலும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கரண்ட் திரும்பி வரும் வழியில் அடைப்பு இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, துருவை உரசி, இறுக்குங்கள். இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் அன்றைக்கு எனக்குப் பேட்டரிக் காசு மிஞ்சியிருக்கும்.

பேட்டரியும் வயரும் நன்றாக இருந்து, ஒரே ‘டக்’கோடு நிற்கிறது என்றால் செல்ஃப் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கை எட்டினால், ஒருவர் சாவியைத் திருகிப் பிடிக்க, மோட்டாரின் உடம்பில் ஸ்பேனர் கைப்பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டுங்கள். நியூட்ரல், ஹேண்ட் பிரேக் உறுதியான பிறகுதான், பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் கையை விலக்கி வைத்துக்கொண்டு. எடுத்துவிட்டால் வண்டியை அணைக்காமல் நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைக்கு விடுங்கள். பிரஷ் மாற்றினாலே சரியாகிற மோட்டாருக்கு முழு மோட்டாரையும் மாற்றச் சொல்கிற கடைகளும் உண்டு. ‘கழற்றி எனக்குக் காட்டுங்க’ என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டாம்.

ஜம்பர் கேபிள், தள்ளி ஸ்டார்ட்

பேட்டரிதான் இறங்கியிருக்கிறது என்று உறுதியானால், இன்னொரு காரிலிருந்து கரண்ட் எடுக்கலாம். இரண்டு வண்டியும் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும், இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இங்கே வரிசை முக்கியம்:

1. சிவப்பு கேபிளின் ஒரு முனை, இறங்கிய பேட்டரியின் பிளஸில்.
2. அதன் மறு முனை, நல்ல பேட்டரியின் பிளஸில்.
3. கறுப்பு கேபிளின் ஒரு முனை, நல்ல பேட்டரியின் மைனஸில்.
4. அதன் மறு முனை, எடுக்காத வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் ஒரு பொறி வரும், அது பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் வரக்கூடாது என்பதற்காகத்தான் இது.

நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓட விட்டு, அப்புறம் உங்கள் வண்டியைக் கிளப்புங்கள். கழற்றுவது இதற்கு நேர் எதிர் வரிசையில். கடையில் விற்கும் மெல்லிய கேபிள்கள் வெறும் ரப்பர் தடிமன்தான், உள்ளே செம்பு கொஞ்சமாக இருக்கும். அடிக்கும்போது சூடாகுமே தவிர செல்ஃப் சுற்றாது. வாங்குகிறபோது எடை போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் வண்டிக்கு மட்டும். சாவி ஆனில், இரண்டாம் கியரில், கிளட்சை மிதித்தபடி இருங்கள். ஆள் ஓடுகிற வேகம் வந்ததும் கிளட்சைச் சட்டென்று விட்டு, இன்ஜின் உயிர் பெற்றதும் உடனே மிதிக்க வேண்டும். இன்ஜின் ஓடாதபோது பிரேக் கல் மாதிரி இருக்கும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். அதனால் இறக்கத்தில் தனியாக இந்த வித்தை வேண்டாம். டேஷ்போர்டு விளக்கே எரியாத அளவு பேட்டரி செத்திருந்தால் எத்தனை பேர் தள்ளினாலும் பயனில்லை. இன்றைய வண்டியில் பெட்ரோல் பம்ப்புக்கும் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்கும் கரண்ட் வேண்டும்.

எடுத்த பிறகு இன்னொரு சோதனை பாக்கி. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டரை வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால், வண்டி ஓடும்போது கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்நேட்டர் சார்ஜ் செய்யவில்லை. புதுப் பேட்டரி போட்டாலும் இரண்டு நாளில் இறங்கிவிடும்.

வாரம் ஒரு தடவை கோயிலுக்கு மட்டும் எடுக்கிற வண்டியா? அணைத்து வைத்திருக்கும்போதும் அலாரம், கடிகாரம், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஒரு சிறு கரண்டைத் தின்றுகொண்டே இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை சகஜம். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் ஹவர். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் ஹவர் பேட்டரி, பதினைந்து நாளில் பாதியாகிவிடும். டேஷ் கேமரா, ஜிபிஎஸ் கருவி என்று வெளியே மாட்டியவை இருந்தால் இன்னும் சீக்கிரம். வாசலில் பத்து நிமிடம் ஓட விடுவதால் செல்ஃப் எடுத்த கரண்டே திரும்பச் சேர்ந்தால் பெரிது, ஒரு அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள்.

செல்ஃப் அடிக்கிறது, எடுக்கவில்லை என்றால்

இங்கே அவசரம்தான் முதல் எதிரி. ஒரே மூச்சில் பத்து வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அடித்துவிட்டு அரை நிமிடம் விடுங்கள். விடாமல் அடித்தால் செல்ஃப் சூடேறும், பேட்டரியும் இறங்கும், அப்புறம் ஒரு கோளாறு இரண்டாகிவிடும்.

முதலில் காது. ரேடியோ, ஏசி எல்லாவற்றையும் அணைத்து, சாவியை ஆனில் மட்டும் வையுங்கள், அடிக்க வேண்டாம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் பின் சீட்டுக்குக் கீழே, டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு வினாடி ‘ஊம்ம்’ என்று முனகி நிற்கும். தெருச் சத்தத்தில் கேட்காது, பின் கதவைத் திறந்து சீட்டில் காதை வைத்துப் பாருங்கள். முனகல் வந்தால் பம்ப்புக்குக் கரண்ட் போகிறது. வரவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். மூடியின் உட்புறம் எது எதற்கு என்று படம் இருக்கும். பம்ப் ஃபியூஸை உருவி வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கம்பி அறுந்திருப்பது தெரியும். அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். 15-க்குப் பதிலாக 30 போட்டால் அடுத்து எரிவது வயர். ஃபியூஸ் நன்றாக இருந்தால் பம்ப் ரிலே. பல வண்டிகளில் ஹார்ன் ரிலேயும் அதுவும் ஒரே எண்ணாக இருக்கும். எண் ஒத்திருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வண்டி எடுத்து ஹார்ன் அடிக்காமல் போனால், குற்றவாளி கையில் சிக்கிவிட்டது.

காலையில் ரொம்ப நேரம் அடித்தால்தான் எடுக்கிறது என்ற புகாருக்கும் ஒரு எளிய வழி உண்டு. சாவியை ஆன் செய்து இரண்டு வினாடி விட்டு ஆஃப் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை. நாலாவது தடவை அடித்ததும் பட்டென்று எடுத்தால், ராத்திரி முழுக்கப் பெட்ரோல் லைனில் அழுத்தம் இறங்கிவிடுகிறது. பம்ப்பில் இருக்கும் வால்வோ, இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் கசிவதோ காரணம். இதை மெக்கானிக்கிடம் சொன்னால் அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

பெட்ரோல் வாசனை மூக்கைத் துளைக்கிறதா? உள்ளே பெட்ரோல் அளவுக்கு மேல் போய் இன்ஜின் ஃப்ளட் ஆகியிருக்கும், பிளக்கெல்லாம் நனைந்திருக்கும். இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்தபடி ஐந்து வினாடி செல்ஃப் அடித்தால், கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திக் காற்றை மட்டும் விடும். பிளக் காயும். பிடித்துக்கொண்டதும் காலை எடுங்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் சும்மாவே ஆக்ஸிலரேட்டரைப் ‘பொக் பொக்’ என்று அமுக்கிக்கொண்டிருப்பது இந்த வண்டிகளில் வேலைக்கு ஆகாது.

அடுத்தது காற்று. ஏர் ஃபில்டர் பெட்டியின் நாலு கிளிப்பைக் கழற்றினால் போதும். ரொம்ப நாள் நின்ற வண்டியில் தேங்காய் நார், கிழிந்த துணி, கடலைத் தோல் என்று எலி குடும்பம் நடத்தியிருக்கும். எலி இருந்த இடத்தில் வயரையும் டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். இன்ஜின் மேல் போகும் மெல்லிய வயர்களைத்தான் அது விரும்பிக் கடிக்கும். ஒரு சென்சார் வயர் அறுந்தாலே தீப்பொறியும் பெட்ரோலும் சேர்ந்து நின்றுவிடும்.

பிளக்கைக் கழற்றத் தெரிந்தால், இன்ஜின் ஆறிய பிறகு கழற்றி நுனியைப் பாருங்கள். பிஸ்கட் நிறம் என்றால் நல்லா இருக்கிறது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறிதான் வரவில்லை. பிளக்கைக் கையில் பிடித்து இன்ஜினில் உரசிப் பொறி பார்க்கும் பழைய வித்தையை, பொறிக்கான கரண்டைத் தரும் ‘காயில்’ நேராகப் பிளக் மேல் உட்காரும் வண்டிகளில் செய்யாதீர்கள். ஷாக் ஒரு பக்கம், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் தீ இன்னொரு பக்கம்.

செக் இன்ஜின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்று இருந்தால், அது பதிந்து வைத்த கோளாறு எண்ணைப் படிக்கலாம். எண் ஒரு சென்சாரைச் சொன்னால் உடனே அதை மாற்றிவிடாதீர்கள். அதற்குப் போகும் வயரும் கனெக்டரும் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, ‘சர்ர்ர்’ என்று தடையே இல்லாமல் சுற்றினால், பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். நிறுத்திவிடுங்கள். மேலும் அடித்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதும்.

சூட்டில் மட்டும் அடம்

காலையில் பட்டென்று எடுக்கும், மதியம் டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது, அரை மணி நேரம் ஆறினால் எடுத்துவிடும். இந்தக் கதையில் நான் முதலில் சந்தேகப்படுவது, இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். சூட்டில் கரண்ட் அறுந்து, ஆறினால் சேர்ந்துகொள்ளும். அடிக்கும்போது, இன்ஜின் சுற்று வேகம் காட்டும் டேகோமீட்டர் முள் கொஞ்சம்கூட அசையவில்லை என்றால் சந்தேகம் வலுக்கும். சூட்டில் செல்ஃபே மெதுவாகச் சுற்றினால் செல்ஃப் மோட்டார் தேய்ந்திருக்கிறது. கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் பொய் சொன்னாலும், சூடான இன்ஜினைக் குளிர்ந்தது என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மார்கழிக் குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் பலமும் குறையும். சமவெளியில் ‘கொஞ்சம் வீக்’ என்று ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி அங்கே முதல் காலையிலேயே கையை விரிக்கும். ஆனால் அதைக் கொன்றது மலைக் குளிர் இல்லை, கீழே அடித்த சித்திரை வெயில்தான்.

டீசல் வண்டி

சாவியை ஆன் செய்ததும் சுருள் கம்பி மாதிரி மஞ்சள் விளக்கு எரியும். அது ஹீட்டர் பிளக். விளக்கு அணையும் வரை பொறுங்கள். பிறகு செல்ஃப் அடிக்கும்போது பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. காரணம் ஹீட்டர் பிளக், குறைந்த கம்ப்ரஷன் (காற்றை அமுக்கும் அழுத்தம்), மெதுவான செல்ஃப் இவற்றில் ஒன்று. புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

டேங்க் வற்றி நின்ற பிறகு டீசல் ஊற்றியும் எடுக்கவில்லை என்றால் ஏர் லாக், அதாவது டீசல் லைனில் காற்று புகுந்து அடைத்திருக்கிறது. ஃபில்டர் மேல் கை பம்ப் இருந்தால், அது கெட்டிப்படும் வரை அமுக்குங்கள். மழைக்காலத்தில் ஃபில்டரின் அடியில் தண்ணீர் தேங்கும், கீழே இருக்கும் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம். காமன் ரெயில் வண்டியில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களை மட்டும் தொடாதீர்கள். அதில் டீசல் ஆயிரம் பாருக்கு மேல், அதாவது நம்மைச் சுற்றியிருக்கும் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல், அழுத்தத்தில் ஓடும். ஊசித் துளை வழியாக வந்தாலே தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ‘எடுக்குதா பாப்போம்’ என்று ஒரே ஒரு தடவை சாவியைத் திருகினாலே இன்ஜின் போய்விடலாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கதவின் அடிப்பகுதிக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாமல், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, போட்டோ எடுத்து இன்சூரன்ஸுக்குச் சொல்லி, வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் ஓட்டும்போது நின்றுபோனாலும் இதேதான்.

மெக்கானிக்குக்குப் போன் செய்யும்போது

‘ஸ்டார்ட் ஆகலை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: “அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது, எடுக்கலை. பம்ப் சத்தம் வரலை, ஃபியூஸ் நல்லாருக்கு. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஓடுச்சு.” அல்லது, “ஒரே ஒரு டக்கு, லைட் மங்கலை, பேட்டரி 12.5 காட்டுது.” அவர் எந்தச் சாமானை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்துவிடுவார். கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். புது ஸ்டீரியோ, அலாரம் மாட்டிய மறுநாள் வந்த கோளாறு பெரும்பாலும் மாட்டின இடத்திலேயே இருக்கும்.

இழுத்துக்கொண்டு போக வேண்டி வந்தால், ஆட்டோமேட்டிக் வண்டியைச் சக்கரம் உருளாமல் லாரி மேல் ஏற்றித்தான் கொண்டு போக வேண்டும். கயிறு கட்டி இழுத்தால் கியர் பாக்ஸ் போய்விடும். மேனுவலை நியூட்ரலில் கயிறு கட்டி இழுக்கலாம். சாவியை ஆனில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் வளைவிலேயே ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.